முதல் ரசீது வரை: மாணவரைத் தொழிலுக்கு இழுப்பது எது, தள்ளிப்போட வைப்பது எது

தொழில் தொடங்க விரும்பும் மாணவரிடம் "ஏன்?" என்று கேட்டால், முதல் ஐந்து நிமிடத்தில் வரும் பதில்கள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். யாருக்குக் கீழும் வேலை பார்க்கப் பிடிக்கவில்லை. நிறையச் சம்பாதிக்க வேண்டும். சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும். மூன்றுமே மனதார வரும் பதில்கள்தான். ஆனால் இவற்றைக் கேட்டுவிட்டு, அந்த மாணவர் அடுத்த ஆறு மாதத்தில் எதையாவது விற்பாரா மாட்டாரா என்று சொல்ல முடியாது.

அதற்கு வேறு மூன்று கேள்விகள் உதவும். போன மாதம் யாரும் சொல்லாமலேயே, மதிப்பெண்ணும் கிடைக்காத எந்த வேலைக்காக மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தீர்கள்? மற்றவர்கள் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள்? எந்தத் தொல்லையைப் பற்றி நண்பர்களிடம் திரும்பத் திரும்பப் புலம்புகிறீர்கள்? வகுப்பு முழுவதற்கும் சுற்றுலா ஏற்பாடு செய்பவர், பழுதான லேப்டாப்பை யாருடையது என்று பார்க்காமல் பிரித்துப் போடுபவர், ஜூனியர்களுக்குத் தேர்வுக்கு முந்தைய இரவு பாடம் நடத்துபவர்: இவர்கள் எல்லாம் ஏற்கெனவே ஒரு சேவையை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். காசு வாங்கவில்லை, அவ்வளவுதான். உந்துதலைத் தேட வேண்டிய இடம் அது.

விருப்பம் எங்கே நின்றுபோகிறது

சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் பல்கலைக்கழகத்தில் 2003-இல் தொடங்கிய 'கெஸ்' என்ற பன்னாட்டு ஆய்வு, மாணவர்களின் தொழில் எண்ணங்களைத் தொடர்ந்து கேட்டு வருகிறது. 2018-ஆம் ஆண்டுச் சுற்றில், படிப்பு முடிந்த உடனே சொந்தத் தொழில் என்று சொன்னவர்கள் 9 சதவீதம். படிப்பு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து என்று கேட்டபோது அது ஏறக்குறைய 35 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கும் மாணவர்களைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். அவர்களுக்கு ஆசை இருக்கிறது. "இப்போது என்னால் முடியாது" என்ற எண்ணமும் கூடவே இருக்கிறது.

தொழில்முனைவு ஆய்வாளர்கள் ஆல்பர்ட் ஷாபெரோவும் லிசா சோகோலும் 1982-இல் முன்வைத்த விளக்கம் இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒருவர் தொழிலில் இறங்க, அது விரும்பத்தக்கதாகத் தோன்ற வேண்டும், தன்னால் ஆகக்கூடியதாகவும் தோன்ற வேண்டும். இவற்றோடு, ஓடிக்கொண்டிருக்கும் வாழ்க்கையை இடம்பெயர்க்கும் ஒரு நிகழ்வும் வேண்டும். மாணவருக்கு அந்த நிகழ்வு தானாகவே வரும்: படிப்பு முடிகிற நாள். நேர்முகத் தேர்வில் தேறாதது, இன்டர்ன்ஷிப்பில் சலித்துப்போனது, வீட்டு வருமானம் திடீரென்று குறைந்தது ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். உளவியலாளர் ஐசெக் அஜென் 1991-இல் விரிவாக எழுதிய கோட்பாடு இன்னொன்றைச் சேர்க்கிறது: நமக்கு முக்கியமானவர்கள் இதைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கணிப்பு. மாணவர் விஷயத்தில் அது பெரும்பாலும் பெற்றோர்.

கல்லூரிகள் நடத்தும் ஊக்க உரைகள், வெற்றி விழாக்கள், ஐடியா போட்டிகள் எல்லாம் முதல் பகுதியை, அதாவது விருப்பத்தை மட்டுமே ஏற்றுகின்றன. அது ஏற்கெனவே நிரம்பியிருக்கும் குடம். காலியாக இருப்பது 'என்னால் ஆகும்' என்ற இரண்டாவது குடம்.

அதை நிரப்பும் வழியை உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இலேயே காட்டிவிட்டார். தன்னம்பிக்கைக்கு அவர் சொன்ன ஊற்றுகள் நான்கு: தானே செய்து பார்த்து வென்றது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்து உடல், மன நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. இரண்டாவதில் 'தன்னைப் போன்ற' என்ற சொல்லைக் கவனியுங்கள். உலகப் பணக்காரரின் காணொளியைவிட, இரண்டு ஆண்டு சீனியராக இருந்து இப்போது பத்துப் பதினைந்து வாடிக்கையாளர்களோடு சிறு தொழில் நடத்துகிறவர் அரை மணி நேரம் பேசினால் பலன் அதிகம். அவரிடம் கேட்க வேண்டியதும் வெற்றிக் கதையை அல்ல. முதல் வாடிக்கையாளர் யார், எப்படிக் கிடைத்தார், முதல் விலையை எப்படிச் சொன்னீர்கள், எந்த மாதம் கையில் காசில்லாமல் போனது என்று கேட்க வேண்டும்.

ஒரு செமஸ்டருக்குள் முதல் விற்பனை

தானே செய்து வென்ற அனுபவம் என்றால், அறிமுகமில்லாத ஒருவர் காசு கொடுத்து வாங்குவது. கோப்பை, சான்றிதழ், பத்திரிகைச் செய்தி எதுவும் அதற்கு ஈடாகாது. இதை எட்டு வாரத்துக்குள் முடிக்கலாம்.

முதல் இரண்டு வாரம் பேச்சு மட்டும். பதினைந்திலிருந்து இருபது பேர்; அவர்களில் வகுப்புத் தோழர்களும் உறவினர்களும் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. கேள்விகள் நடந்து முடிந்ததைப் பற்றியே இருக்கட்டும்: இந்தச் சிக்கல் கடைசியாக எப்போது வந்தது, அப்போது என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரமும் பணமும் போனது, அதற்குப் பிறகு வேறு வழி தேடினீர்களா? "இப்படி ஒன்று செய்து கொடுத்தால் வாங்குவீர்களா?" என்று கேட்கவே வேண்டாம். மாணவர் முகம் வாடக் கூடாது என்று எல்லாரும் "கண்டிப்பாக" என்றுதான் சொல்வார்கள். அந்தக் 'கண்டிப்பாக'வை நம்பிப் பொருளை வாங்கி அடுக்கியவர்கள் பலர். சிக்கலுக்கு ஒருவர் இதுவரை நேரமோ பணமோ செலவழித்ததே இல்லை என்றால், அது அவருக்கு எரிச்சல் மட்டும்தான். சந்தை இன்னும் உருவாகவில்லை.

மூன்றாவது வாரம் கையாலேயே செய்து பார்ப்பது. செயலி வேண்டாம், இணையதளம் வேண்டாம், லோகோவும் வேண்டாம். ஒரு தாள், ஒரு வாட்ஸ்அப் எண், ஒரு கணக்கு நோட்டு போதும். குறிப்பாகக் கணினித் துறை மாணவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். தெரிந்த வேலை கோடு, அதாவது கணினி நிரல், எழுதுவது. தெரியாத வேலை அந்நியரிடம் போய்ப் பேசுவது. அதனால் நான்கு மாதம் கோடு எழுதி, பேச வேண்டிய நாளைத் தள்ளிப்போடுகிறார்கள். வெளியிட்ட நாளில் நண்பர்கள் நாற்பது பேர் பதிவிறக்கம் செய்கிறார்கள், அடுத்த வாரம் நான்கு பேர் திறந்து பார்க்கிறார்கள். உந்துதல் அங்கேயே வற்றிவிடுகிறது.

நான்காவது, ஐந்தாவது வாரங்களில் விலையை வாய்விட்டுச் சொல்லி முன்பணம் கேட்க வேண்டும். முழுத் தொகை கிடைக்காவிட்டாலும் நான்கில் ஒரு பங்காவது. விலையைச் சொன்னபின் பேசாமல் இருக்கப் பழக வேண்டும். எதிரில் இருப்பவர் யோசிக்கும் அந்த ஐந்து விநாடியில் பதறிப்போய் "தள்ளுபடியும் உண்டு" என்று சொல்வதுதான் எல்லாரும் செய்கிற தவறு. கடைசி மூன்று வாரம் ஐந்து பேருக்காவது ஒப்புக்கொண்டபடி செய்துகொடுத்து, மீதியை வாங்கி, ரசீது எழுத வேண்டும்.

கணக்கு நோட்டில் நான்கு பத்தி: வரவு, பொருள் செலவு, இதர செலவு, உழைத்த மணி. கடைசிப் பத்தியை மாணவர்கள் எழுதுவதே இல்லை. விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். பொருளுக்கு 45, கொண்டுபோய்ச் சேர்க்க 10, கெட்டுப்போவதும் திரும்பி வருவதும் சேர்த்து 5. மிச்சம் 40. ஓர் ஆர்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது 20. அக்கம்பக்கத்தில் பகுதிநேர வேலைக்குக் கிடைக்கும் கூலி இதைவிட அதிகமா? அப்படியானால் விலையை ஏற்ற வேண்டும், அல்லது நேரத்தைக் குறைக்க வேண்டும். இதைப் பார்க்காமல் "நல்ல லாபம்" என்று ஓடியவர், ஆர்டர் கூடக் கூடக் களைத்துப்போவார். ஏன் களைப்பு என்று அவருக்கே விளங்காது. உந்துதல் குறைந்துவிட்டது என்று தன்னைத்தானே நொந்துகொள்வார். குறை கணக்கில் இருக்கும்.

நேரக் கணக்கும் இதே மாதிரி. பதினாறு வார செமஸ்டரில் இடைத்தேர்வுகளுக்கு இரண்டு வாரம், இறுதித் தேர்வுக்கும் தயாரிப்புக்கும் மூன்று வாரம் போனால் மிச்சம் பதினொன்று. வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்றால் மொத்தம் 110 மணி. மாணவரின் உண்மையான மூலதனம் இதுதான். இதில் போட்டிகளுக்கான பிட்ச், அதாவது நடுவர்கள் முன் ஐடியாவை விளக்கும் உரை, அதன் தயாரிப்பு நாற்பது மணியைத் தின்றுவிடும். பரிசுத் தொகையை வருமானப் பத்தியில் எழுதும் பழக்கம் இன்னும் மோசம். அது வாடிக்கையாளர் தந்த பணம் அல்ல, அடுத்த மாதம் திரும்பி வராது. ஒரு செமஸ்டருக்கு ஒரு போட்டி என்று வைத்துக்கொண்டால் தாங்கும்.

எந்த உந்துதல் எங்கே முறியும்

ஒவ்வொரு உந்துதலுக்கும் அது முறிகிற இடம் ஒன்று உண்டு. முன்கூட்டியே தெரிந்துகொண்டால், அந்த நாள் வரும்போது தொழிலே தப்பு என்று முடிவுகட்டாமல் இருக்கலாம்.

சுதந்திரத்துக்காக வந்தவருக்கு முதல் அதிர்ச்சி, கறாரான வாடிக்கையாளர். ஒரு முதலாளிக்குப் பதில் பத்துப் பேர் இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்புவார்கள். இவர் முதலிலேயே பேசும் நேரத்தையும், எத்தனை முறை திருத்தித் தருவோம் என்பதையும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பணத்துக்காக வந்தவர் பொதுவாக நான்காவது மாதத்தில் தளர்வார். அதற்குள் அவருடன் படித்தவருக்கு வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்திருக்கும். பாராட்டுக்காக வந்தவரை அடையாளம் காண்பது எளிது: பொருளைவிடப் பதவிப் பெயர்தான் முதலில் முடிவாகியிருக்கும். மேடை இல்லாத மாதங்கள் அவருக்குத் தாங்காது.

சொந்தமாக அனுபவித்த தொல்லையிலிருந்து தொடங்கியவர்கள் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறார்கள். அவர்களுடைய ஆபத்து வேறு. தன் தொல்லைதான் எல்லாருடைய தொல்லையும் என்று நம்பிவிடுவது. இருபது பேரிடம் பேசச் சொல்வது முதன்மையாக இவர்களுக்காகத்தான்.

குடும்பமே தொழில் செய்யும் வீட்டிலிருந்து வருகிறவருக்குக் கடன் வசூலிப்பதும் சரக்கு தேங்குவதும் சின்ன வயதிலிருந்தே தெரியும். இது வகுப்பறையில் கிடைக்காத படிப்பு. ஆனால் அப்பாவின் சப்ளையர், அப்பாவின் வாடிக்கையாளர் என்று அவர் நிழலிலேயே நின்றுவிட்டால், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை தனியாக வளராது. வீட்டுத் தொழிலில் ஒரு சிறு பகுதியை, தனி நோட்டு போட்டுத் தானே நடத்துவது நல்ல நடுவழி.

வேலை கிடைக்காததால் தொழிலுக்கு வந்தவரைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கம் ஒழிய வேண்டும். தேவையும் ஓர் உந்துதல்தான், அதுவும் கூர்மையானது. அவருக்குத் தர வேண்டிய ஆலோசனை மட்டும் மாறும்: முதலீடு குறைவான, ஒரு மாதத்துக்குள் காசு திரும்பும் சேவைத் தொழில். இரண்டாண்டு ஆராய்ச்சி கேட்கும் பொருளை அவர் கையில் கொடுப்பது அநியாயம்.

நண்பர்கள் இழுத்து வந்தவர்கள்தான் எண்ணிக்கையில் நிறைய. வேகமாகத் தொடங்குவதும் இவர்கள்தான், மனக்கசப்போடு பிரிவதும் இவர்கள்தான். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் மாணவர்களை வைத்து ஜோஷ் லெர்னரும் உல்ரிகே மால்மெண்டியரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவில் வைக்கத் தக்கது. முன்பே தொழில் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் அதிகமாக இருந்த வகுப்புப் பிரிவுகளில், படிப்புக்குப் பின் தொழில் தொடங்கியவர்கள் குறைவாகவே இருந்தார்கள். குறைந்தவை பெரும்பாலும் தோற்றிருக்கக்கூடிய முயற்சிகள். பட்டறிந்த நண்பர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஓட்டையான ஐடியாவைத் தேநீர் வேளையிலேயே சுட்டிக்காட்டிவிடுவார். ஆகவே தோற்று மூடியவரையும் குழுவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 2010-இல் வந்த இரண்டு ஆய்வுகள். நெதர்லாந்தில் மாணவர்களே சிறு நிறுவனம் நடத்தும் பயிற்சித் திட்டம் ஒன்றை ஆராய்ந்ததில், தொழில் தொடங்கும் எண்ணம் பயிற்சிக்குப் பின் குறைந்திருந்தது. ஜெர்மனியில் நடந்த தொழில்முனைவு வகுப்பிலும் சராசரி எண்ணம் சற்றே இறங்கியது. ஆனால் மாணவர்கள் தங்களைப் பற்றித் தெளிவான கணிப்புக்கு வந்தார்கள். எத்தனை பேர் 'தொழில் தொடங்குவேன்' என்று கை தூக்குகிறார்கள் என்பதை வைத்துப் பயிற்சியின் தரத்தை அளக்கும் கல்லூரிகள் இதைக் கவனிக்க வேண்டும். தனக்கு இது ஒத்துவராது என்று இருபது வயதில், சிறு செலவில் தெரிந்துகொண்டவரும் பயிற்சியால் பலனடைந்தவரே.

பாடத்திட்டம் அமைக்கும் ஆசிரியர்களுக்கு இன்னொரு தகவல். டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில் நடத்துகிறவர்களிடம் செய்யப்பட்டு 2017-இல் வெளியான சோதனையில், வழக்கமான கணக்கு, சந்தைப்படுத்தல் பயிற்சி பெற்றவர்களின் லாபத்தில் உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. முன்கை எடுப்பது, வாய்ப்புத் தேடுவது, தடை வந்தால் விடாமல் இருப்பது ஆகியவற்றைப் பயிற்றுவித்த குழுவின் லாபம் 30 சதவீதம் கூடியது. அவர்கள் மாணவர்கள் அல்லர். ஆனால் முன்முனைப்பு பிறவிக்குணம் என்று கைவிட வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

வீட்டில் பேசுவது

பெற்றோரிடம் "நான் வேலைக்குப் போக மாட்டேன், தொழில்தான்" என்று அறிவித்தால் சண்டைதான் வரும். அவர்கள் காதில் அது வாழ்நாள் முடிவாக விழுகிறது. ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள்: எவ்வளவு காலம், வாரத்துக்கு எத்தனை மணி, அதிகபட்சம் எவ்வளவு பணம் போகலாம், எந்தத் தேதியில் என்ன நடக்காவிட்டால் நிறுத்துவேன். தொழில்முனைவு ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி 2001-இல் தேர்ந்த தொழில்முனைவோரின் சிந்தனை முறையை விளக்கியபோது வலியுறுத்திய தாங்கக்கூடிய இழப்பு என்ற கருத்து இதுதான்: எவ்வளவு வரும் என்பதைவிட, எவ்வளவு போனால் நிமிர்ந்து நிற்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்வது. படிப்புக் கட்டணம், வட்டிக்கு வாங்கும் பணம், வீட்டில் மருத்துவத்துக்கோ திருமணத்துக்கோ சேர்த்த பணம், இந்த மூன்றிலும் கை வைப்பதில்லை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். முதலுக்கே மோசம் வராது என்று தெரிந்தால் எதிர்ப்பு பாதியாகக் குறையும். முதல் ரசீது நகலைக் காட்டினால் இன்னும் கொஞ்சம் குறையும்.

கூட்டாளிகளுடனும் எழுத்து வேண்டும், நட்பு நன்றாக இருக்கும்போதே. இரண்டு மூன்று பேர் போதும். முதல் நாளே சரிபாதியாகப் பங்கு பிரித்துவிட்டு, ஆறாவது மாதம் ஒருவர் வேலை கிடைத்து வேறு ஊர் போனால், பங்கு அவரோடு போய்விடும், வேலை இன்னொருவர் தலையில் விழும். பங்குகள் நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சொந்தமாவது, முதல் ஓராண்டுக்குள் விலகினால் எதுவும் இல்லை என்பது ஸ்டார்ட்அப் உலகில் பரவலாக இருக்கும் ஏற்பாடு. மாணவர் குழுவுக்கு இது இன்னும் பொருத்தம், ஏனென்றால் பட்டமளிப்பு நாள் எல்லாக் குழுவையும் ஒரு உலுக்கு உலுக்கும். கல்லூரி ஆய்வகக் கருவியோ, வழிகாட்டியின் ஆராய்ச்சியோ கலந்திருந்தால், அந்தக் கண்டுபிடிப்பு யாருடையது என்று பல்கலைக்கழக விதியைப் படித்துப் பார்த்து, எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனை தொடங்கியபின் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

எண்ணத்தைச் செயலாக்க மனவுறுதி மட்டும் போதாது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கிய எளிய உத்தி மாணவர்களுக்கு நன்றாகவே உதவும்: எப்போது, எங்கே, என்ன என்பதை முன்கூட்டியே கட்டிப்போடுவது. "இந்த வாரம் வாடிக்கையாளர்களிடம் பேசுவேன்" என்பதற்குப் பதில், "வியாழன் கடைசி வகுப்பு முடிந்ததும் நூலக வாசலில் நின்று இருவருக்குப் போன் செய்வேன்."

செமஸ்டர் முடிவில்

முடிவெடுக்கும் நாளில் மூன்று எண்களைப் பாருங்கள். ஒருமுறை வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள்? கேட்காமலே வேறொருவரை அனுப்பியவர்கள் எத்தனை பேர்? திட்டமிட்ட 110 மணியில் நீங்கள் உண்மையில் செலவிட்டது எவ்வளவு? முதல் இரண்டும் பூஜ்யம், மூன்றாவது முழுமை என்றால் பொருளை மாற்ற வேண்டும், ஆளில் குறையில்லை. வாடிக்கையாளர் வருகிறார், ஆனால் நீங்கள் 30 மணிதான் உட்கார்ந்தீர்கள் என்றால், தொழில் நல்லது, உங்களுக்கானது அல்ல, வேறொருவருக்குக் கைமாற்றலாம்.

வேலைக்குப் போய்விட்டுப் பிறகு தொடங்கலாம் என்று முடிவு செய்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களின் நிறுவனர்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான கட்டுரையில், தொடங்கும்போது அவர்களின் சராசரி வயது 45. ஒரு துறையில் வேலை பார்த்தபின் அதே துறையில் தொடங்குவது சாதகம் என்றும் அந்த ஆய்வு கண்டது. அப்படிப் போகிறவர், எந்தத் துறையில் பின்னாளில் தொழில் செய்ய நினைக்கிறாரோ அதிலேயே வேலை தேட வேண்டும், சம்பளம் சற்றுக் குறைந்தாலும்.

நிறுத்துவதாக இருந்தால் அதற்கும் ஒரு முறை உண்டு. ஏற்றுக்கொண்ட ஆர்டரை முடித்துக் கொடுங்கள், முடியாததற்கு வாங்கிய முன்பணத்தை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள், கூட்டாளிகளோடு உட்கார்ந்து கணக்கைத் தீர்த்துக் கையெழுத்துப் போடுங்கள். யாரிடம் பேசினீர்கள், என்ன விலைக்கு விற்றது, எது விற்கவில்லை என்று இரண்டு பக்கம் எழுதி அடுத்த ஆண்டு மாணவர்களிடம் கொடுங்கள். வாங்கிய ஐவருக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டு கழித்து மறுபடி தொடங்கும்போது முதலில் போன் செய்யப்போவது அவர்களுக்குத்தான்.